தண்டச் செலவுக்கு ஐந்நூறு ரூபாய்

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, செய்தித்தாளுக்குள்ளிருந்து வழவழப்பான ஒரு நோட்டீஸ் விழுந்தது. கோடை முகாம். பன்னிரண்டு நாள், தினமும் இரண்டரை மணி நேரம், பிள்ளைக்கு 4,500 ரூபாய். நடனம், களிமண், நெருப்பில்லாச் சமையல் எல்லாம் வரிசையாகப் போட்டு, கடைசியில் தடித்த எழுத்தில் 'வாழ்க்கைத் திறன்கள்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே, ஷூ லேஸ் கட்டுதல், பொத்தான் தைத்தல், மாதிரிக் கடையில் பொருள் வாங்கப் பழகுதல்.

மாதிரிக் கடை என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. காகிதப் பணத்தைக் கொடுத்து பிளாஸ்டிக் தக்காளி வாங்குவார்கள் போலிருக்கிறது. எங்கள் தெரு முனையில் ஒரு கடை இருக்கிறது. அங்கே நிஜப் பணத்தை வாங்கிக்கொண்டு நிஜப் பருப்பைக் கொடுக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்குப் பதினோரு வயது, சின்னவனுக்கு எட்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து 9,000 ரூபாய். நான் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஒன்பதாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தபோதே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. ஆனால் நோட்டீஸைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. அதில் ஒரு உண்மை இருந்தது. என் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. பெரியவள் ஆறாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். தெரு முனைக் கடைக்குத் தனியாகப் போனதில்லை. சின்னவனுக்குத் தயிரை ஊற்றிக்கொள்ளத் தெரியாது. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என் கைபேசி எண் இரண்டு பேருக்குமே மனப்பாடம் இல்லை. திருவிழா நாளில் மதுரைக் கோரிப்பாளையத்துக் கூட்டத்தில் கை நழுவினால் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லி இறங்கவில்லை.

அம்மா நோட்டீஸை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாக வாசித்தாள். பிள்ளைகளுக்கு அவள் அப்பத்தா. மேலூர்ப் பக்கம் ஊர். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. "பொத்தான் தைக்க நாலாயிரமா? அம்புட்டுக் காசுக்கு நாலு புதுச் சட்டை எடுக்கலாமேப்பா" என்றாள். அதோடு அவளுக்கு விஷயம் முடிந்துபோயிற்று. எனக்கு முடியவில்லை.

அன்று ராத்திரி நானும் மனைவியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அவள் தனியார் பள்ளியில் ஆசிரியை. மே மாதம் அவளுக்கும் விடுமுறை. பிள்ளைகளுக்கு வேலை கொடுப்போம், ஆனால் பொம்மை வேலையாக இருக்கக்கூடாது என்றாள் அவள். அதாவது, அவர்கள் செய்யாமல் விட்டால் வீட்டில் அந்த வேலை நடக்காமலே நிற்க வேண்டும். தயிர் வாங்கப் போனவள் வாங்காமல் வந்தால் அன்று தயிர் இல்லை. நாம் ஓடிப்போய் வாங்கி வரக்கூடாது. பிள்ளைகளுக்கு இது உடனே தெரியும் என்று வகுப்பறை அனுபவத்திலிருந்து சொன்னாள். சும்மா கொடுத்த வேலையையும் நிஜ வேலையையும் அவர்கள் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்களாம்.

என் பங்குக்கு நான் சேர்த்தது ஒரு கணக்கு நோட்டு. அதில் முதல் பக்கத்தில் 'தண்டச் செலவு' என்று எழுதி 500 ரூபாய் ஒதுக்கினேன். உடையும், கொட்டும், தொலையும், ஏமாறுவார்கள். அதற்கெல்லாம் முன்கூட்டியே பணம் எடுத்து வைத்துவிட்டால், நடக்கும்போது எனக்குக் கோபம் வராது என்று கணக்கு. கோபம் வந்தது என்பது வேறு விஷயம். ஆனால் பாதியில் நின்றது.

முதல் நாள் தயிர். பெரியவள் ஐம்பது ரூபாய் நோட்டை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். நான் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தேன். கடை வாசலில் கூட்டம். ஒவ்வொரு பெரிய ஆளும் அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பத்து நிமிடம். நானே இறங்கிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை படி வரைக்கும் வந்தேன். கடைசியில் அவள் குரல் எனக்கே கேட்டது: "அண்ணாச்சி, நான் ரொம்ப நேரமா நிக்கிறேன்!" கூட்டம் திரும்பிப் பார்த்தது. தயிர் கிடைத்தது. வெற்றிக் களிப்பில் வாசற்படியில் தடுக்கி, பாக்கெட் விழுந்து வெடித்தது. நோட்டில் முதல் பதிவு: தயிர், 35 ரூபாய்.

அன்று மதியம் எல்லாரும் ரசத்தோடு எழுந்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறு வாரம் அவள் இருபது ரூபாய் மிச்சம் வாங்காமல் வந்தாள். திரும்பப் போய்க் கேள் என்றேன். அண்ணாச்சி கொடுத்துவிட்டேன் என்கிறார், இவள் இல்லை என்கிறாள், கல்லாப்பெட்டி முன்னால் யார் சொல்வது சபையேறும் என்று தெரியும்தானே. இருபது ரூபாய் தண்டம் எழுதினோம். அதற்குப் பிறகு அவளாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்: நோட்டைக் கொடுக்கும்போதே "நூறு ரூபா தர்றேன் அண்ணாச்சி" என்று சத்தமாகச் சொல்வது, மிச்சத்தை அங்கேயே நின்று எண்ணுவது. நான் இதைச் சொல்லித் தரவில்லை. என் கடையில் அனுபவப்பட்ட வசூல்காரர்கள் செய்கிற வேலை அது.

சின்னவனுக்கு வெளிவேலை கிடையாது. வீட்டுக்குள் இரண்டு வேலை. ஒன்று, தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது. இரண்டு, பதினோரு மணிக்கு எல்லாருக்கும் நீர்மோர். அம்மாவுக்கு முதல் வேலையில் உடன்பாடில்லை. "ஆம்பளப் பிள்ளயப் போயி ஏனங் கழுவச் சொல்றியே" என்று என்னிடம் கேட்டாள். மனைவி பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லும் தைரியத்தில் இருந்தேன். ஆனால் அதற்குள் மனைவி, "அத்தை, உங்க ஆம்பளப் பிள்ளைக்கு இன்னைக்கு வரைக்கும் டீ போடத் தெரியாது. அந்தத் தப்பு நம்மளோட போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து முகாமில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். மாலை டீ என் பொறுப்பு. தண்டச் செலவில் என் பெயரிலும் பொங்கி வழிந்த பால் ஏறியிருக்க வேண்டியது. கணக்கு எழுதுகிறவன் என்ற சலுகையில் தப்பித்தேன்.

நீர்மோர் வேலைதான் எதிர்பாராத அளவுக்குப் பலித்தது. மோரைக் கடைவது, இஞ்சி தட்டுவது, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவது, உப்புப் பார்ப்பது. கத்திரி வெயிலில், சரியாகப் பதினோரு மணிக்கு, ஐந்து டம்ளர். ஒரு நாள் அவன் விளையாட்டில் மறந்துவிட்டான். அம்மா அடுப்படி வாசலில் வந்து, "ஏய்யா ராசா, மோரு எங்கய்யா?" என்று கேட்டாள். தன்னை நம்பி ஒரு பெரிய மனுஷி தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்த முகத்தை நான் பார்த்தேன். பிறகு மறக்கவில்லை.

பெரியவளுக்கு அடுப்பு. இதில் மட்டும் தண்டச் செலவுத் தத்துவம் கிடையாது. நெருப்பில் பட்டுத் தெரிந்துகொள் என்று விட முடியாது. முதல் இரண்டு நாள் சமையலே இல்லை, சிலிண்டர் பாடம்தான். எரிவாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள், அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கும் என்றெல்லாம் சொன்னபோது கண்ணை விரித்துக் கேட்டாள். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போ, வெளியிலிருந்து 1906-க்குப் பேசு. இதை ஒத்திகையாகவே செய்து பார்த்தோம். நான் திடீரென்று "வாடை!" என்பேன், அவள் ஓடி ரெகுலேட்டரைத் திருப்ப வேண்டும். முதல் தடவை நேராக மின்விசிறி சுவிட்சுக்குக் கை போனது. வாடையை விரட்ட யாருக்கும் அதுதானே முதலில் தோன்றும். நான்காம் தடவை சரியாகச் செய்தாள். அதே வாரம் என் எண், அவள் அம்மாவின் எண், 112, குழந்தைகளுக்கான 1098 எல்லாம் மனப்பாடம் ஆயின. சின்னவன் அதை ராகம் போட்டுப் பாடிக்கொண்டு திரிந்தான்.

அதன் பிறகு சாதம், ரசம், தோசை. பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு. ஒரு குக்கர் சாதம் கரிந்தது, 25 ரூபாய். ஐந்து முட்டை உடைந்தது, 30. தேங்காய் ஒன்று, உடைத்தால் அழுகல், 40. தேங்காயை அவள் ஆட்டிப் பார்க்காமல் வாங்கியிருந்தாள்.

ஆட்டிப் பார்க்கத் தெரிந்தது உழவர் சந்தையில். எங்கள் வீடு அண்ணாநகரை ஒட்டித்தான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி தொடங்கியது இங்கேதான். ஆனாலும் நாங்கள் பெரும்பாலும் தெருவில் வரும் வண்டிக்காரரிடமே வாங்கிப் பழகியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவளைச் சைக்கிளில் வரச் சொல்லி, நான் பின்னால் என் வண்டியில் போனேன். கையில் 150 ரூபாய், ஒரு சீட்டு. வாசலில் அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். முதலில் பலகையைப் பார்த்து, சீட்டில் விலையைக் குறித்து, கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது நான் வைத்த விதி. கூட்டியதில் 168 வந்தது. எதை விடுவது? பத்து நிமிடம் பலகைக்கு முன்னால் நின்று யோசித்து, பீன்ஸை அடித்துவிட்டுக் கொத்தவரங்காய் எழுதினாள். அவளுக்குக் கொத்தவரங்காய் பிடிக்காது. விலை குறைவு என்பதற்காக ஒருவர் பிடிக்காததை வாங்குகிற அந்த நிமிடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. என் அப்பா அப்படி வாங்கிக்கொண்டு வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரம் ஒரு கிலோ வெண்டைக்காய் முற்றல். 40 ரூபாய். வேக வைத்தால் நார் நாராக வந்தது. இரண்டாம் வாரம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு குவியலில் காய் காயாக நுனியை ஒடிக்க ஆரம்பித்தாள். காய்க்குச் சொந்தக்காரரான அம்மா, "பாப்பா, வாங்குறதா இருந்தா ஒடி. நீ ஒடிச்சுட்டுப் போயிட்டா நான் யாருக்கு விப்பேன்?" என்றார். இவள் முகம் சுண்டிவிட்டது. ஒடித்த காய்களையெல்லாம் பொறுக்கித் தட்டில் போட்டு, "இதெல்லாம் நான் எடுத்துக்கிறேன்" என்றாள். அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒடிக்காமல் பார்ப்பது எப்படி என்று சொல்லித் தந்தார்: நுனியை லேசாக வளைத்தால் போதும், இளசு வளையும்போதே தெரியும். கத்திரிக்காயில் காம்புக்குக் கீழே ஊசி குத்தினாற்போல ஓட்டை இருக்கிறதா பார், இருந்தால் சொத்தை. தேங்காயைக் காதோரம் ஆட்டு, தண்ணீர்ச் சத்தம் வர வேண்டும், கண் ஈரமாக இருந்தால் வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து என்னைச் சந்தை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

சரி, கூழ்வத்தலுக்கு வருகிறேன். இந்த விடுமுறையில் மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலை. இதுதான் பெரிய சம்பவம்.

மே 4-க்குக் கத்திரி தொடங்கியதும் அம்மா வழக்கம் போல ஜவ்வரிசியை வெளியே எடுத்தாள். இந்த வருஷம் பிள்ளைகள் போடட்டும், நீ சொல்லிக் கொடுக்காதே, கேட்டால் மட்டும் சொல் என்றேன். அம்மா ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். முதலில் அரைக் கிலோ பச்சரிசி மாவு, ஒரு பிடி ஜவ்வரிசி, பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சை. கூழ் காய்ச்சியது மனைவி. அந்தக் கொதிக்கிற பாத்திரத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. உப்புப் பார்த்தது பெரியவள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பத்தவில்லை என்று இன்னொரு கரண்டி போட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

மொட்டை மாடியில் நனைத்த வேட்டியை விரித்து, கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றி, மறுநாள் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, திருப்பிப் போட்டு, இன்னும் ஒன்றரை நாள் காய்ந்தது. எண்ணெயில் போட்டதும் பூவாகப் பொரிந்தது. எல்லாரும் ஆளுக்கொன்று வாயில் போட்டோம். கடல் தண்ணீர்.

கூழில் உப்புச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றிக் காயும்போது உப்பு மட்டும் அப்படியே நிற்கும். "அப்பத்தா, உங்களுக்குத் தெரியும்ல! ஏன் சொல்லல?" என்று பெரியவள் அழாத குறையாகக் கேட்டாள். "நீ கேக்கலயே தாயி" என்றாள் அம்மா. எனக்கே அம்மாவின் மீது கோபம் வந்தது. விதி போட்டது நான்தான் என்பது பிறகு ஞாபகம் வந்தது. தண்டம், 40 ரூபாய். பெரியவள் ஒரு நாள் முழுக்க மாடிப்பக்கமே போகவில்லை. மறுநாள் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, நோட்டும் பேனாவுமாக, "உப்பு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, தண்ணி எவ்வளவு" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா அளவு சொல்லக்கூடியவள் இல்லை. கையைக் குவித்துக் காட்டுவாள். இவள் அந்தக் குவித்த கையில் இருந்த உப்பைத் தராசில் போட்டு எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் ஈடு, இரண்டு கிலோ. காவல் சின்னவன். கையில் ஒரு கறுப்புக் குடை, படிக்கட்டுத் தலைப்பின் நிழலில் ஒரு பாய், குடிக்கத் தண்ணீர். பதினொன்றிலிருந்து மூன்று வரை அவனை வெயிலில் விடக்கூடாது என்பதால் அந்த நேரத்துக்கு வலைத்துணி போட்டு நாலு பக்கமும் கல் வைத்தோம். மற்ற நேரமெல்லாம் அவன்தான். ஒரு நாள் கார்ட்டூன் சத்தம் கேட்டுக் கீழே இறங்கி இருபது நிமிடம் இருந்துவிட்டான். காகங்கள் வேட்டியின் ஒரு மூலையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டன. பத்து ரூபாய் தண்டம். அவனுக்குப் பணம் ஒரு பொருட்டில்லை. காகம் தன்னை ஏமாற்றிவிட்டது என்பதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்கே குடையோடு மாடியில் நின்றான்.

வத்தல் வந்தது ஏறக்குறைய இரண்டு கிலோ. பாதியை விற்கலாம் என்று பெரியவள் சொன்னாள். விலை? பாக்கெட் இருபது ரூபாய் என்றாள். இங்கேதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அடக்க விலை போடு என்றேன். அரிசி மாவு 100, ஜவ்வரிசி 20, மிளகாய் எலுமிச்சை சீரகம் 30. கூட்டிவிட்டு நிமிர்ந்தாள். கேஸ் எங்கே என்றேன். உத்தேசமாக 30. மொத்தம் 180, இருநூறு கிராம் பாக்கெட் பத்து, பாக்கெட்டுக்கு 18. "அப்ப இருபதுன்னா ரெண்டு ரூபா லாபம்ப்பா." உன் கூலி எங்கே, தம்பி மூன்று நாள் காகத்தோடு சண்டை போட்டானே, அவன் கூலி எங்கே, உன் அம்மா கூழ் கிண்டினாளே? அவளுக்கு அது புதுச் செய்தி. வீட்டு வேலைக்குக் கூலி உண்டு என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் அடுப்படியைப் பார்த்தாள். பிறகு தெரு முனைக் கடைக்குப் போய் அங்கே பாக்கெட் என்ன விலை என்று விசாரித்து வந்து, அறுபது என்று எழுதினாள். ஐந்து பாக்கெட்டும் தெருவுக்குள்ளேயே விற்றன. நான்கு ரொக்கம். ஒன்று கடன், மூன்றாம் வீட்டு அத்தை.

நடுவில் ஒருவர் என்னிடம், "பிள்ளைகளை இப்படி வேலை வாங்குறீங்களே, பாவம் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதினோரு வயதில் வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டறைக்குப் போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கொடுமைக்கு வாழ்க்கைத் திறன் என்று யாரும் பெயர் வைக்கமாட்டார்கள். என் பிள்ளைகள் இன்றைக்கு முடியாது என்று சொல்லலாம், சொல்லவும் செய்தார்கள். இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவுக்குப் பின்னால் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். அந்த வீட்டு எட்டு வயதுப் பெண் தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு ஊட்டி, வாசல் கூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் முகம் வந்து நிற்கிறது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வத்தல் பணத்தோடு, திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் கையில் வைத்துவிட்டுப் போனதையும் சேர்த்து, பெரியவள் அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினாள். பத்து வயது நிறைந்த பிள்ளை அங்கே தன் பெயரிலேயே கணக்கு வைத்து, தானே கையெழுத்துப் போட்டுப் பணம் போடலாம், எடுக்கலாம். குறைந்தது 500 ரூபாய் போட வேண்டும். பத்து வயதுக்கு மேல் வங்கிகளும் இப்படி அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அஞ்சலகம் நடக்கிற தூரம். கையெழுத்துக்காக இரண்டு நாள் ஒத்திகை. முதலில் மயில் தோகை மாதிரி ஒன்று வைத்திருந்தாள். அதே மாதிரி இரண்டாம் தடவை போட வரவில்லை. கடைசியில் பெயரை ஒழுங்காகத் தமிழில் எழுதுவது என்று முடிவானது.

வயது போதாதென்று சின்னவனுக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர். அவனுக்கு அஞ்சலட்டை வாங்கிக் கொடுத்தேன். விலை ஐம்பது பைசா. ஐம்பது பைசாச் சில்லறையை இப்போது எங்கே தேடுவது, பத்தாக வாங்கினோம், ஐந்து ரூபாய். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டில் முதல் எண் ஆறு என்றால் நம் பக்கம், மதுரைக்கு 625, காரைக்குடிக்கு 630 என்று சொன்னதும் அவனுக்கு அது ரகசிய மொழியாகப் பட்டது. காரைக்குடியில் இருக்கும் என் தங்கைக்கு, 'அத்தை நலமா, நான் காக்கா விரட்டினேன், இப்படிக்கு' என்று எழுதிப் போட்டான். பதில் வந்த அன்று அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினான்.

மதிய வெயிலுக்கு நூலகம். நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். காசு கிடையாது, குளுகுளுவென்று இருக்கும், குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் எங்களுக்கு நூலகத்தைவிட அங்கே போகிற வழிதான் பாடம். கோரிப்பாளையத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். பெரியவள்தான் தலைவி: எந்த பஸ் என்று விசாரிப்பது, டிக்கெட் வாங்குவது, எங்கே இறங்குவது என்று முடிவு செய்வது. நான் பின்னால் தெரியாத ஆள் மாதிரி வருவேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து என்பதால் அவளுக்கு டிக்கெட் இலவசம், தம்பிக்கு அரை டிக்கெட், எனக்கு முழு டிக்கெட். "நான் ஃப்ரீ, நீங்கதான் செலவு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்காட்டினாள். ஒரு நாள் தவறான பஸ்ஸில் ஏறினாள். எனக்குத் தெரியும், பேசாமல் ஏறினேன். பஸ் வேறு பக்கம் திரும்பியதும் அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எழுந்து போய் நடத்துனரிடம் கேட்டு, அடுத்த நிறுத்தத்தில் தம்பியைக் கையைப் பிடித்து இறக்கினாள். அன்று வீடு வரும் வரை என்னோடு பேசவில்லை. அம்மா கூழ்வத்தலில் செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மே கடைசியில் ஒரு வாரம் ஊர்க் கிணறு. என்னை அந்தக் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டார்கள்; மூன்றாம் நாள் நீந்தினேன். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் அப்படித் தள்ளிவிட்டுத் தப்பித்தவர்கள்தான் கதை சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஊரில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணன் கண்மாயில் போனார். அதனால் இந்த வேலையில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மோட்டாரின் மின் இணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, பிள்ளைகளின் முதுகில் காலி கேனைக் கட்டி, என் சித்தப்பா மகன் தண்ணீருக்குள் நிற்க, நான் படியில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்தில் சின்னவன் மிதந்தான், பெரியவள் குறுக்கே ஒரு தடவை கடந்தாள். அதைவிட முக்கியமாக நான் நினைத்தது வேறு: யாராவது தத்தளித்தால் குதிக்கக்கூடாது, கத்து, கயிறு போடு, துண்டு போடு, கேனை வீசு. தினமும் குளித்து முடித்ததும் சித்தப்பா மகன் முங்குவது போல நடிப்பான், இவர்கள் படியில் நின்று கேனை வீச வேண்டும். கிணறு இல்லாதவர்களுக்கு நீச்சல் குளம் உண்டு, கொஞ்சம் செலவாகும். நீச்சலுக்கு மட்டும் நான் செலவைப் பார்க்கமாட்டேன்.

தோற்ற வேலைகளும் உண்டு. தினசரி நாட்குறிப்பு மூன்று நாளில் நின்றது. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லித் தந்தேன். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பது வரை ஆர்வம், உப்புக் காகிதம் தேய்க்கிற இடத்தில் இரண்டு பேரும் மறைந்துவிட்டார்கள். நோட்டீஸில் போட்டிருந்த பொத்தான் தைப்பதை யாரும் தொடவில்லை. என் சட்டையில் இரண்டாம் பொத்தான் இன்னும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் நோட்டை முடித்தோம். தண்டச் செலவு 240, மிச்சம் 260. மிச்சம் தங்களுக்குத்தான் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் காகம் தின்ற பத்து ரூபாயைத் தம்பி பங்கில் கழிக்க வேண்டும் என்று பெரியவளும், அப்படியானால் வெண்டைக்காய் நாற்பதை அக்கா பங்கில் கழிக்க வேண்டும் என்று சின்னவனும் வழக்குத் தொடுத்தார்கள். அது தீருவதற்குள் வத்தல் பக்கத்தைத் திருப்பினால், வரவேண்டியது 60 ரூபாய் அப்படியே நிற்கிறது. மூன்றாம் வீட்டு அத்தை. நான் கேட்டு வாங்கித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று பெரியவளே கிளம்பிப் போனாள்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பையோடு வந்தாள். அத்தையிடம் சில்லறை இல்லையாம். ஊரிலிருந்து வந்தது என்று ஒரு கிலோ கத்திரிக்காய் கொடுத்துவிட்டார்கள். காம்புக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாளாம், சொத்தை ஒன்றுகூட இல்லை. பலகை விலையில் அது ஐம்பது ரூபாய்தான் பெறும். பத்து ரூபாயைத் தண்டத்தில் எழுதுவதா, பாக்கியில் வைப்பதா, அதோடு வீட்டுக்கு வந்த கத்திரிக்காய்க்கு அவள் அம்மா அவளுக்கு ஐம்பது ரூபாய் தர வேண்டுமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

பதினேழு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.